பழி யார் மேல்? குருதிக் காட்டேரிப் படங்களின் கொலை மர்மமும் நாஞ்சில் நாட்டு நீலி கதையும்

ஆய்வுச் சுருக்கம்

குருதி குடிக்கும் பேயையும் கொலைத் துப்பறிதலையும் ஒரே கதைக்குள் இணைத்த குறைந்த செலவுப் படங்களுக்கு, 1933இல் வெளிவந்த 'தி வேம்பயர் பேட்' என்னும் அமெரிக்கப் படம் தெளிவான சான்று. அதன் கதைக்கட்டு, நாஞ்சில் நாட்டு வில்லிசையில் பாடப்பெறும் நீலி கதையோடும் சிதறால் மலைச் சிற்பம் நினைவூட்டும் அம்பிகை இயக்கியின் கதையோடும் இங்கு ஒப்பிடப்படுகிறது. 'பழி' என்னும் தமிழ்ச்சொல் தாங்கும் இரு பொருள்கள் இவ்வொப்பீட்டுக்கு அடிப்படையாகின்றன. 'பார்கவி நிலையம்', 'யட்சி', 'ஈரம்' ஆகிய படங்கள் இவ்விரு மரபுகளுக்கும் இடையில் எங்கே நிற்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

குறிச்சொற்கள்: சிதறால், இயக்கி, இசக்கி, நீலி கதை, வில்லிசை, குருதிக் காட்டேரி, திகில் திரைப்படம்

சிதறாலின் இயக்கி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் ஊரின் மலை, கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை எனக் குறிக்கப்பெறுகிறது. (பழைய எல்லைப்படி தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு, சிதறால் விளவங்கோட்டுப் பக்கத்தது. எனினும் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு எனச் சுட்டும் வழக்கு இன்று பரவலாகிவிட்டது.) அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களோடு, இரு குழந்தைகளும் சிங்கமும் உடனிருக்க அம்பிகை இயக்கியின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணத் துறவுப் பெண், இங்குள்ள படாரியார்க்குப் பொன்னணி வழங்கியதைப் பதிவு செய்கிறது. 13ஆம் நூற்றாண்டளவில் இவ்விடம் பகவதி கோயிலாக மாறிவிட்டது.

திகில் படத்தைப் பற்றிய ஆய்வுக்குச் சமணச் சிற்பம் எதற்கு என்ற வினா எழலாம். இன்றைய திரைப்படம் 'யட்சி' என்றவுடன் வெண்ணிற ஆடையும் விரித்த கூந்தலும் குருதி வடியும் வாயும் கொண்ட பெண்ணையே காட்டுகிறது. சிதறாலில் அதே பெயருக்குரியவள் பொன் பெற்றவள், துறவியரால் வழிபடப்பட்டவள், பிள்ளைகளோடு நிற்கும் தாய். ஒரே பெயர் இவ்விரு உருவங்களுக்கும் எவ்வாறு உரியதாயிற்று என்பதற்கு அம்பிகையின் கதையிலேயே ஒரு தடயம் உண்டு. நீத்தார் சடங்குக்கெனச் சமைத்த உணவைச் சமணத் துறவிக்கு அளித்ததற்காக அவள் கணவனால் இரு மக்களோடு வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள். பின்னர் மனம் திருந்தி அவளைத் தேடி வருகிறான் அவன். கொல்லத்தான் வருகிறான் என்று அஞ்சிய அவள் உயிரை மாய்த்துக்கொண்டு, நேமிநாதரின் இயக்கியாகப் பிறக்கிறாள். கணவன் அவளுக்கு ஊர்தியாகும் சிங்கமாகிறான். சிற்பத்தில் அவளருகே இருக்கும் விலங்கு வெறும் ஊர்தியன்று, முற்பிறப்பின் கணவன்.

கணவனால் துன்புற்றவள், அகால மரணம், மறுபிறப்பு, அப்பிறப்பிலும் விலகாத கணவன்: இந்நான்கு கூறுகளையும் வைத்துக்கொண்டு சமணம் ஓர் அருள் தெய்வத்தை உருவாக்கியது. இதே கூறுகளைக் கொண்டு நாட்டார் மரபு நீலியை உருவாக்கியது. அம்பிகையின் கதையிலிருந்தே நீலி கதை கிளைத்தது என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. ஆனால் பழையனூர் நீலி, முனிச்சந்திர முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடம் தோற்றுச் சமணம் தழுவி, பிற சமயத்தாரோடு வாதிடுவதே 'நீலகேசி' காப்பியத்தின் பொருள் என்பதை நினைத்தால், இவ்விரு உருவங்களுக்கும் இடையிலிருந்த போக்குவரத்தைப் புறக்கணிப்பதும் அரிது. இயக்கி என்ற சொல்லே இம்மாவட்டத்து வழக்கில் இசக்கி ஆயிற்று.

நீலி கதை: தெரிந்த கொலையாளி, தெரியாத அவை

முப்பந்தல் முதலிய இடங்களில் இசக்கியம்மன் கோயில்களோடு தொடர்புடைய நீலி கதையின் உருவரை ஆய்வாளர்க்கு அறிமுகமானதே. தன்னை நம்பி மடியில் உறங்க வைத்துக்கொண்ட பெண்ணை, அந்தணக் காதலன் ஒருவன் அவள் நகைகளுக்காகக் கள்ளிச் செடியருகே கல்லால் அடித்துக் கொல்கிறான். தங்கையைத் தேடி வந்த அண்ணனும் உயிர்விடுகிறான். இருவரும் சோழன் மகவுகளாகப் பிறந்து, இரவில் கால்நடைகளைத் தின்று, காட்டில் விடப்படுகின்றனர். கொன்றவன் வணிகனாக மறுபிறவி எடுக்கிறான். நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவன் என் கணவன்' என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவையில் முறையிடுகிறாள். குழந்தை வணிகனைத் தந்தை என்று தாவுகிறது. அவை நம்புகிறது. வணிகன் காப்பாக வைத்திருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, 'உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்' என வாக்களித்து இருவரையும் ஓர் அறையில் விடுகின்றனர். விடியலில் வணிகன் வயிறு கிழிந்து கிடக்கிறான். எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர்.

இதனைக் கொலை மர்மக் கதையாகப் படித்தால் ஒரு விந்தை புலப்படும். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்பது வாசகர்க்கு மறைக்கப்படும். நீலி கதையில் கேட்போர்க்குத் தொடக்கத்திலேயே எல்லாம் தெரியும். தெரியாதது கதைக்குள் இருக்கும் அவைக்கு மட்டுமே. ஆகவே கதையின் பதற்றம் 'யார் கொன்றார்' என்பதில் இல்லை. 'இவர்கள் எதை நம்பப் போகிறார்கள்' என்பதில் இருக்கிறது. நீலி முன்வைக்கும் சான்று பொய். அந்தக் குழந்தை ஒரு கள்ளிக் கொம்பு. ஆனால் அச்சான்று நிறுவ முயலும் குற்றம் மெய். அந்த வணிகன் அவளைக் கொன்றவனே. மெய்யான குற்றத்துக்குப் பொய்யான சான்று என்னும் இந்த முரண், அவையின் அறிவுக்கு எட்டாதது. அவர்கள் கண்டதைக் கொண்டு முறையாகத் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பால் ஓர் உயிர் போயிற்று. அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

கொடை விழாவில் வில்லிசை நிகழும்போது, கதையில் மரணம் நேரும் கட்டங்களே அருள் வந்திறங்கும் கட்டங்களாக அமைவதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் வில்லுப்பாட்டு ஆய்வில் (1988) விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். கொலையுண்டவரே தெய்வமாகிறார் என்பது இம்மண்ணின் அடிப்படை விதி. திகில் படத்தின் மொழியில் சொன்னால், இங்கே பேய் என்பது குற்றவாளி அன்று; வழக்குத் தொடுப்பவள்.

தமிழில் 'பழி' என்ற சொல் இரண்டையும் சுட்டும். ஒருவர்மீது சுமத்தப்படுவதும் பழி. ஒருவர் திரும்ப வாங்குவதும் பழி. சிலப்பதிகாரத்தின் நீலி முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நகர்பவள். அவள் கணவன் சங்கமன் ஒற்றன் எனப் பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். பதினான்கு நாள் அரற்றித் திரிந்து மலையுச்சியிலிருந்து விழும் அவள் இடும் சாபமே மறுபிறப்பில் கோவலனைத் தொடர்கிறது. ஆனால் வழக்குமொழியோ எழுபதின்மரின் பக்கம் நின்றுவிட்டது. 'நீலிக் கண்ணீர்' என்றால் பொய்யழுகை. அவள் கொலையுண்டாள் என்ற செய்தி அத்தொடரில் எங்கும் இல்லை.

1933: க்ளைன்ஷ்லாஸ் ஊரின் வௌவால்

'தி வேம்பயர் பேட்' ஃபிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கி, மெஜஸ்டிக் பிக்சர்ஸ் என்னும் சிறு நிறுவனம் எடுத்த, ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் படம். லயனல் அட்வில், ஃபே ரே இருவரும் வார்னர் நிறுவனத்துக்காக 'மிஸ்டரி ஆஃப் தி வாக்ஸ் மியூசியம்' படத்தில் நடித்திருந்தனர். அப்படம் திரைக்கு வருவதற்கு முன்பே அவ்விணையின் பெயரைக் காசாக்க எடுக்கப்பட்டது இது. யூனிவர்சல் நிறுவனம் 'ஃபிராங்கன்ஸ்டைன்' முதலிய படங்களுக்காகக் கட்டிய அரங்குகளை வாடகைக்கு எடுத்து, அவை ஓய்ந்திருந்த இரவு நேரத்தில் படமாக்கினர். அரங்கு, நடிகர், அச்சம் மூன்றும் இரவல். குறைந்த செலவுப் படத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

க்ளைன்ஷ்லாஸ் என்ற ஊரில் கழுத்தில் துளைகளோடு குருதி வற்றிய உடல்கள் கிடக்கின்றன. ஊரார் காட்டேரியின் வேலை என்கின்றனர். வௌவால்களைச் செல்லமாக வளர்க்கும் பேதை மனத்தனான ஹெர்மன்மீது (டுவைட் ஃபிரை) ஐயம் விழுகிறது. தீவட்டி ஏந்திய கூட்டம் அவனை விரட்டுகிறது. அவன் குகைக்குள் விழுந்து இறந்த பின்னும் அவன் நெஞ்சில் முளை அறைகின்றனர். ஆனால் கொலைகள் நிற்பதில்லை. பேயை நம்பாத காவல் அதிகாரி கார்ல் (மெல்வின் டக்ளஸ்) இறுதியில் உண்மையைக் காண்கிறான்: ஊர் மதிக்கும் மருத்துவர் நீமன், தாம் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய உயிர்த்திசுவுக்கு ஊட்டுவதற்காகப் பணியாளனை மனவசியப்படுத்திக் குருதி திரட்டியிருக்கிறார்.

நீலி கதையின் தலைகீழ் வடிவம் இது. அங்கே மெய்க்குற்றத்துக்குப் பொய்ச்சான்று. இங்கே மெய்யான சான்றுகள் (துளைகள், வற்றிய குருதி, வௌவால்) பொய்யான குற்றவாளியைச் சுட்டுகின்றன. அங்கே குருதி குடித்தவள் மெய்யாகவே இருக்கிறாள். இங்கே அப்படியொருவர் இல்லவே இல்லை. அங்கே பழி வாங்கப்படுகிறது. இங்கே பழி சுமத்தப்படுகிறது. 1935இல் டாட் பிரவுனிங் இயக்கிய 'மார்க் ஆஃப் தி வேம்பயர்' இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதில் பேலா லுகோசி ஏற்ற காட்டேரியே, கொலைகாரனைச் சிக்கவைக்க அமர்த்தப்பட்ட நடிகர் என்று படத்தின் முடிவில் வெளியாகிறது. அச்சத்தை விற்றுவிட்டு, கடைசி நிமிடங்களில் அதனைப் பகுத்தறிவால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உத்தி இது. பார்வையாளருள் பலர்க்கு அது ஏமாற்றமாகவே இருந்திருக்கும்.

'தி வேம்பயர் பேட்' படத்தின் மெய்யான கொடுமை ஆய்வுக்கூடத்தில் இல்லை. ஹெர்மனின் சாவில் இருக்கிறது. படத்தின் மிக வலுவான பகுதியும் அதுவே. ஆனால் உண்மை வெளிப்பட்டதும் அப்படம் அவனை மறந்துவிடுகிறது. மருத்துவர் மாள்கிறார், காதலர் இணைகின்றனர், நகைச்சுவையோடு திரை மூடுகிறது. நிரபராதி ஒருவனின் நெஞ்சில் முளை அடித்தவர்கள் வீடு திரும்பிவிடுகின்றனர். பழையனூரின் எழுபதின்மர் தீயில் இறங்கியதை அறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இந்த முடிவு உறுத்தும். க்ளைன்ஷ்லாஸ் ஊரில் தீர்ப்பு உண்டு. தீர்ப்பளித்தவர்க்குப் பொறுப்பு இல்லை.

பஞ்சவன்காட்டில் விழுந்த உடல்

அதே 1933இல் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) நாவலைப் பி.வி. ராவ் இயக்கத்தில் மௌனப் படமாக்கி வெளியிட்டார். நாவலின் பதிப்பாளர் தொடுத்த பதிப்புரிமை வழக்கால் அப்படம் முடங்கியது தனிக்கதை. திகில் மரபை ஆராய்வோர்க்கு இங்கு முக்கியமாவது நாவலின் தொடக்கம். பஞ்சவன்காட்டில் இளைஞன் ஒருவன் வெட்டுண்டு குருதியில் கிடக்கிறான். அவன் இறந்துவிட்டான் என்றே ஊர் நம்புகிறது. அவ்வனத்து யட்சியின் கதையும் நாவலுக்குள் ஒரு பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லப்படுகிறது. யட்சி உலவும் காட்டில் நிகழ்ந்த மனிதர் செய்த குற்றம், அரசியல் காரணங்களுக்காக வேறொருவர்மேல் திருப்பப்படும் பழி, இறந்தவன் என நம்பப்பட்டவன் பித்தன் வேடத்தில் திரிதல் என, 'யட்சியும் கொலை மர்மமும்' என்னும் இணைப்பு இம்மண்ணில் ஹாலிவுட்டுக்கு நாற்பதாண்டு முன்பே எழுத்தில் உருவாகியிருந்தது.

கள்ளியங்காட்டு நீலி என்றும் பஞ்சவன்காட்டு யட்சி என்றும் வழங்கும் உருவத்தைக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை' வேறு வகையில் சொல்கிறது. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் ஆடவரை மயக்கி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக் குருதி குடிப்பவளைக் கடமற்றத்துக் கத்தனார் இரும்பாணியால் தளைப்படுத்துகிறார். இங்கே அவளைக் கொன்றவன் இல்லை; முறையிடும் அவையும் இல்லை. மலையாளத் திரைப்படம் பெரிதும் எடுத்துக்கொண்டது சுண்ணாம்பு கேட்கும் இந்த உருவத்தையே. வழக்குத் தொடுத்தவள் வழிமறிப்பவளாகிவிட்டாள்.

கிணறும் ஆய்வுக்கூடமும்

மலையாளத் திரையின் இரு படங்கள் இவ்வழக்கை மீண்டும் திறந்தன. ஏ. வின்சென்ட் இயக்கிய 'பார்கவி நிலையம்' (1964), வைக்கம் முகம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்' கதையிலிருந்து அவரே எழுதிய திரைக்கதை. பேய் வீடு என ஊர் ஒதுக்கிய வீட்டில் குடியேறும் எழுத்தாளன், கிணற்றில் விழுந்து இறந்த பார்கவியின் வரலாற்றை எழுதத் தொடங்குகிறான். எழுத எழுத அது தற்கொலையன்று, கொலை என்பது தெளிவாகிறது. பேயை ஓட்டுபவனாக வராமல் அவள் முறையீட்டைக் கேட்பவனாக நாயகன் வருவதே இப்படத்தின் சிறப்பு. துப்பறிபவரின் இடத்தில் எழுத்தாளன். ஆய்வுக்கூடத்தின் இடத்தில் கையெழுத்துப் படி. குருதி இல்லை, பல் இல்லை. ஆயினும் நீலி கதையின் உள்ளீட்டுக்கு மிக அருகில் நிற்பது இதுவே.

மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலைக் கொண்டு கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய 'யட்சி' (1968) வேறு திசையில் செல்கிறது. ஆய்வுக்கூட விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளன் (சத்யன்), தன்னை விரும்பி மணந்த ராகிணியை (சாரதா) யட்சி என்று ஐயுறத் தொடங்குகிறான். மாந்திரிக நூல்களைப் படிக்கப் படிக்க அவளுடைய அழகு, அமைதி, வந்தவழி அறியாமை ஒவ்வொன்றும் அவனுக்குச் சான்றாகிறது. முடிவில் அவன் அவளைக் கொல்கிறான். காவல்துறையும் உளமருத்துவமும் வந்து அவன் மனநோயை விளக்குகின்றன.

'தி வேம்பயர் பேட்' படத்தில் ஓர் ஊர் செய்ததை இங்கே ஒரு கணவன் செய்கிறான். அம்பிகை, 'கொல்லத்தான் வருகிறான்' என்று கணவனைத் தவறாக அஞ்சினாள். ராகிணி அஞ்ச வேண்டிய கணவனை அஞ்சவில்லை. படம் முழுவதும் பார்வையாளரும் அவன் கண்கொண்டே அவளைப் பார்க்கின்றனர். பின்னணி இசை, நிழல், சாரதாவின் இமைக்காத பார்வை எல்லாம் அவனுடைய ஐயத்துக்குத் துணைசெய்கின்றன. ஆகவே முடிவில் கிடைக்கும் உளவியல் விளக்கம் அவனுக்குரிய விளக்கமாகவே நின்றுவிடுகிறது. ராகிணி யார் என்பதை எவரும் கேட்பதில்லை. துணிச்சலான படம், ஆனால் கொலையுண்டவள் திரும்பி வந்து பேசும் உரிமையைப் பகுத்தறிவின் பெயரால் அவளிடமிருந்து பறித்தும்விட்டது. நீலி கதையில் அவளுக்கு அவ்வுரிமை இருந்தது.

'ஈரம்': அடுக்குமாடியின் எழுபதின்மர்

தமிழில் 'இரத்தக் காட்டேரி' என்ற தொடர் நன்கு வழங்கினாலும், டிராகுலா வகையினன் இங்கு வேர்கொள்ளவில்லை. வினயன் இயக்கிய 'டிராகுலா 2012' தமிழில் 'நான்காம் பிறை' என்ற பெயரில் வந்தபோதும் அவன் ருமேனியாவிலிருந்து வந்த விருந்தாளியாகவே இருந்தான். 'காஞ்சனா' (2011) போன்ற வெற்றிப் படங்கள் பின்பற்றியது நீலியின் இலக்கணத்தையே: கொலையுண்டவர் வேறோர் உடலில் வந்து கணக்குத் தீர்ப்பது.

கொலை மர்மத்தோடு அவ்விலக்கணத்தை மிகத் திருத்தமாகப் பொருத்தியது அறிவழகன் இயக்கிய 'ஈரம்' (2009). அடுக்குமாடிக் குடியிருப்பில் ரம்யா (சிந்து மேனன்) குளியல் தொட்டியில் இறந்து கிடக்கிறாள். தற்கொலை என்று கொள்ளப்பட்டதை, ஒருகாலத்தில் அவளை விரும்பிய காவல் அதிகாரி வாசுதேவன் (ஆதி) ஏற்க மறுத்து ஆராய்கிறான். அண்டை வீட்டார் அடுத்தடுத்து மடிகின்றனர். ஒவ்வொரு சாவின்போதும் நீர் உடனிருக்கிறது. கணவன் பாலகிருஷ்ணனே (நந்தா) கொலையாளி. அவனுடைய ஐயத்துக்கு நீரூற்றியவர்கள், அவளைப் பற்றித் தத்தம் காரணங்களுக்காகப் பொய் சொன்ன அண்டை வீட்டார்.

இப்படத்தின் அருமை, அவர்களைக் கணக்கில் சேர்த்ததே. க்ளைன்ஷ்லாஸ் ஊரார் தப்பினர். இக்குடியிருப்பில் எவரும் தப்பவில்லை. பொய்ச்சாட்சி சொன்னவர்க்கும் கொலையில் பங்குண்டு என்ற பழையனூர்த் தீர்ப்பு, கள்ளிக்காட்டிலிருந்து தொலைவிலுள்ள நகரத்துச் சுவர்களுக்குள் மீண்டும் நிறைவேறுகிறது. குருதியின் இடத்தில் நீரை வைத்தது செலவைக் குறைக்கும் உத்தியாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் கழிப்பறை, மழை, மின்தூக்கி என அன்றாட இடங்கள் எல்லாவற்றையும் அது குற்றக்களமாக்கிவிடுகிறது. எதிலும் வண்ணம் வெளிறிய ஒளிப்பதிவில், கசிந்து பரவும் ஈரமே சாட்சியாக நிற்கிறது.

ஓரிடத்தில் மட்டும் 'ஈரம்' வில்லுப்பாட்டைவிடப் பின்தங்குகிறது. ரம்யா குற்றமற்றவள் என்பதை நிறுவப் படம் பெரிதும் முயல்கிறது. பழைய காதலனை அவள் திருமணத்துக்குப் பின் நினைக்கவேயில்லை என்ற உறுதி பார்வையாளர்க்கு அளிக்கப்பட்ட பிறகே அவளது சினம் நியாயமாகிறது. அவள் சற்றே பிறழ்ந்திருந்தால் அக்கொலை கொலையாகாதா, அப்பொய்கள் பொய்யாகாவா என்ற வினாவைப் படம் தவிர்க்கிறது. இசக்கி கோயில் வில்லுப்பாட்டு இந்த நிபந்தனையை விதிப்பதில்லை. நீலி கோயில் சார்ந்த ஆடல்மகளின் மறுபிறப்பு, கால்நடைகளைத் தின்றவள், அவையில் முழுப்பொய் சொன்னவள், இடுப்பில் அவள் ஏந்தியது கள்ளிக் கொம்பு என்பதைக் கேட்போர் அனைவரும் அறிவர். அறிந்தே அவளுக்குக் கொடை எடுக்கின்றனர்.